தருமன் நடக்கும் நாற்பது நொடி

அடி அண்ணாமலையில் தருமன் வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் தெருப் பெயர் சொல்ல மாட்டார்கள். "கால வீசிக்கினு நடப்பாரே, அவரு வூடுதானே?" என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டுவார்கள். அவருடைய இடது கால் நேராக முன்னால் வராது. வெளிப்பக்கமாக ஓர் அரைவட்டம் போட்டு வந்துதான் தரையில் ஊன்றும். அது ஊன்றும்போதெல்லாம் வலது தோள் கொஞ்சம் இறங்கி ஏறும். கிணற்றில் தூர் வாரப் போனபோது கயிறு அறுந்து விழுந்ததில் வந்த நடை அது.

அந்த நடையோடுதான் அரை ஏக்கரில் மல்லாட்டைக் கடலை போட்டார், மூட்டை தூக்கினார், மகளைக் கட்டிக் கொடுத்தார். மகன் அறிவுச்செல்வன் கல்லூரியில் சேர்ந்தபோது முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. குடும்பத்தில் இதற்கு முன் ஒருத்தரும் பட்டம் வாங்கவில்லை என்று அரசாங்கம் எழுதிக் கொடுக்கும் தாள் அது. அதற்காகக் கிராம நிர்வாக அலுவலரைத் தேடி நான்கு நடை நடந்தார். நான்காவது நாள் தாளைக் கையில் கொடுத்து, "எங்க வூட்ல எவனும் படிக்கலன்னு சொல்றதுக்கு இத்தன கையெழுத்தாடா?" என்று சிரித்தார். அறிவுச்செல்வன் பி.சி.ஏ. முடித்து, வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் கணினி இயக்குபவனாகச் சேர்ந்தான். தெருவிலேயே பெயருக்குப் பின்னால் எழுத்துப் போட்டுக்கொண்ட முதல் ஆள் அவன்தான்.

அப்படிப்பட்ட தருமனைப் பௌர்ணமி அன்று சாயங்காலத்திலிருந்து காணவில்லை.

இரண்டு வருடமாகவே அவருக்கு மறதி. முதலில் கிழமை போனது. பிறகு பேரப்பிள்ளைகளின் பெயர் போனது. அதற்கப்புறம் சாப்பிட்டோமா இல்லையா என்பதும் போய்விட்டது. பௌர்ணமி என்றால் கிரிவலக் கூட்டம் வீட்டு வாசலை உரசிக்கொண்டு போகும். காயப்போட்ட துணியை எடுக்க மனைவி சந்திரம்மாள் பின்பக்கம் போன நேரத்தில் அவர் எழுந்து வாசலுக்கு வந்து அந்தக் கூட்டத்தில் கலந்திருக்க வேண்டும். கூட்டத்தில் கலந்தவனால் நிற்க முடியாது. பின்னால் வருகிறவன் தள்ளிக்கொண்டே இருப்பான். மலையைச் சுற்றி முடித்த ஜனம் விழுப்புரத்துக்கும் வேலூருக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறும். அவர் எந்தக் கூட்டத்தோடு எந்த பஸ்ஸில் ஏறினார் என்று யாருக்குத் தெரியும்?

விடிந்ததும் புறக்காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தார்கள். ஆதார் அட்டையில் இருந்த படத்தைக் காவலர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் தருமன் பயந்துபோன வேறு யாரோ மாதிரி இருந்தார்.

"வேற போட்டோ இல்லையா தம்பி?"

"இல்ல சார்."

"போன்ல?"

எல்லார் போனிலும் விடியற்காலையிலேயே தேடிவிட்டார்கள். பொங்கலில் எடுத்தது, காதுகுத்தில் எடுத்தது, பிறந்தநாளில் எடுத்தது என்று நூற்றுக்கணக்கான படங்கள் இருந்தன. தருமன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முழங்கையோ, வேட்டி நுனியோ, வெறும் சுவரோதான் இருந்தது. யாராவது போனைத் தூக்கினாலே மனிதர் நகர்ந்துவிடுவார். கூச்ச சுபாவம் என்று சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லாருக்கும் அது பழகிவிட்டது.

காவலர் பேனாவை மூடினார். "நேத்து இந்த வழியா வெள்ள வேட்டி கட்டிக்கினு போன பெரியவங்க மட்டும் லட்சம் பேரு இருப்பாங்க. மூஞ்ச வெச்சு கண்டுபுடிக்கறது கஷ்டம். கால் ஒரு மாதிரி நடப்பாருன்னு எழுதி இருக்கீங்களே, அவர் நடக்கற மாதிரி வீடியோ ஒண்ணு இருந்தா கொண்டாங்க. கேமராவுல தேடறவங்களுக்கும் காட்டலாம், நாலு குரூப்ல போட்டா பாத்தவன் எவனாச்சும் போன் பண்ணுவான்."

மகள் அருணாதேவிக்குத்தான் ஞாபகம் வந்தது. போளூரிலிருந்து முதல் பஸ்ஸில் புருஷனோடு வந்து இறங்கியிருந்தாள். அழுது வீங்கிய முகத்தோடு, "என் கல்யாண டிவிடில இருப்பாருடா தம்பி" என்றாள். "பொண்ணப் பெத்தவரு, இல்லாம போயிடுவாரா?"

பதினான்கு வருடத்துக்கு முந்தைய டிவிடி சாமி மாடத்தில் இருந்தது. அறிவுச்செல்வன் அதை எடுத்துத் திருப்பியவன் அப்படியே நின்றுவிட்டான். பளபளப்பான பக்கத்தில், ஓரத்தில், நான்கு திசைக்கு நான்காக, சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டிருந்தது.

"இன்னாம்மா இது?"

"ஆயுத பூஜைக்கு வெச்சதுடா. ஒன் லேப்டாப்புக்கு வெக்கல? கடப்பாரைக்கு வெக்கல? வருசா வருசம் வெப்பேனே."

"இந்தப் பக்கமா வெப்பாங்க?"

"பின்ன? அந்தப் பக்கம் அருணாவும் மாப்ளயும் சிரிச்சிக்கினு இருக்காங்க. மூஞ்சி மேல வெச்சா படம் அழிஞ்சிடாதா? இது சும்மா கண்ணாடி மாதிரிதானே இருக்குது."

ஒவ்வொரு வருடமும் பழைய பொட்டை முந்தானையால் சுற்றிச் சுற்றித் துடைத்துவிட்டுத்தான் புதுப் பொட்டு வைத்திருக்கிறாள். அத்தனை பக்தியோடு துடைத்த வட்ட வட்டமான கீறல்கள் வெளிச்சத்தில் மின்னின.

அடுத்த கஷ்டம், டிவிடியைப் போட ஓர் இடம் இல்லை. அவனுடைய லேப்டாப்பில் அதற்கான வாயே கிடையாது. அக்கா புருஷன் கோதண்டராமன் அவனுடைய பைக்கை எடுத்தார். வேங்கிக்காலில் ஒரு பிரவுசிங் சென்டரின் மூலையில் தூசி படிந்த பழைய சிஸ்டம் இருந்தது. தட்டு கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டு திறந்தது. ஈரத்துணியால் மேலாகத் துடைத்துவிட்டுப் போட்டான். உள்ளே ஒரு ஃபோல்டர், அதற்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு ஜிபியாக நறுக்கி வைத்த கோப்புகள். பெயருக்குப் பின்னால் வி.ஓ.பி. என்று மூன்று எழுத்து. மூன்று கோப்புகள் பென்டிரைவுக்கு வந்தன. நாலாவது பாதியில் நின்றுபோனது. வந்த மூன்றையும் போனில் போட்டால் திறக்கவில்லை. வாட்ஸ்அப் அதைத் தொடக்கூட மறுத்தது. இலவசமாகக் கிடைத்த எடிட்டிங் மென்பொருளில் போட்டால் கறுப்புத் திரை.

மணி பதினொன்றரை. கோப்பின் பெயருக்குப் பின்னால் இருந்த மூன்று எழுத்தை அழித்துவிட்டு எம்.பி.ஃபோர் என்று அடித்தான். அப்போதும் திறக்கவில்லை.

"மச்சான், நீ கம்ப்யூட்டர்தானே படிச்ச?" என்றார் கோதண்டராமன். கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். "எதனா பண்ணுடா. வெயில் ஏறிக்கினே போவுது. அவரு செருப்புகூட போடாம போயிருக்காரு."

கடைக்காரர்தான் சொன்னார். செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் தாண்டி, மாடியில் சந்திரகலா என்று ஓர் அம்மா எடிட்டிங் செய்கிறார். வெளிநாட்டுக்காரர்கள் பெட்டி நிறையப் பழைய டிவிடிகளைத் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் வருவார்கள்.

சந்திரகலாவுக்கு நாற்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் செய்துகொண்டிருந்த வேலையைச் சேமித்து மூடினார். பென்டிரைவைத் திறந்து பார்த்தார்.

"இதுக்குப் பேர் மாத்தினது யாரு?"

"நான்தான்க்கா."

"பின்னாடி மூணு எழுத்த மாத்திப் போட்டா உள்ள இருக்கறது மாறிடுமா தம்பி? இன்னா படிச்சிருக்க?"

எங்கு போனாலும் கேட்பதற்கு முன்பே அவன் வாயில் வந்து நிற்கும் பதில் அன்றைக்கு வரவில்லை.

"சரி வுடு" என்றார். "இது டிவில போட்டுப் பாக்கறதுக்குன்னு அடைச்சு வெச்சது. வெட்டி எடுக்கணும்னா மொதல்ல துண்டெல்லாம் ஒண்ணா சேக்கணும், அப்புறம் எடிட்டிங்குக்கு ஏத்த மாதிரி மாத்தணும். அதுக்கும் முன்னாடி இந்த டிஸ்க் ஒழுங்கா குளிக்கணும்."

ஒரு சொட்டு ஷாம்பூவைத் தண்ணீரில் கலந்து காய்ந்த சந்தனத்தை ஊறவைத்தார். பஞ்சால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாக இழுத்தார். "சுத்திச் சுத்தித் தொடைக்கவே கூடாது. படம் எழுதியிருக்கறதே சுத்திச் சுத்திதான். கீறல் அதே வழியில போனா ஒரு வரியே போயிடும்." டிஸ்க்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "நடுவுலேர்ந்துதான் ஆரம்பிக்கும். ஓரத்துல இருக்கறது கல்யாணத்தோட கடைசி. பொட்டு அத்தனையும் ஓரத்துலதான் இருக்கு."

முதல் மூன்று கோப்புகளும் சேர்ந்து மாறி வர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் இரண்டு போன் வந்தன. ஒன்று செங்கம் ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவர் என்று. கோதண்டராமன் பைக்கை விரட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, "இல்ல மச்சான்" என்று மட்டும் போனில் சொன்னார். இன்னொன்று அம்மா.

"கெடச்சாராடா?"

"இல்லம்மா."

"அந்தக் கேசட்ட ரொம்ப தேய்க்க வேணாம்னு சொல்லு. அருணா மூஞ்சி போயிடும்." அதோடு அவளே வைத்துவிட்டாள்.

திரையில் கல்யாணம் ஓடத் தொடங்கியது. எல்லாரும் குண்டாக இருந்தார்கள். "பெட்டி டிவிக்கு எடுத்தது, அகலமா இழுத்துக்கினு நிக்குது. இப்படியே அனுப்பினா ஒங்கப்பாவ ஒருத்தனும் கண்டுக்க மாட்டான்" என்று சந்திரகலா அளவைச் சரிசெய்தார். ஜனங்கள் ஒல்லியானார்கள். யாராவது நடந்தால் கால்களின் ஓரம் சீப்புப் பல் மாதிரி கோடுகோடாகப் பிரிந்தது. "அதயும் எடுக்கணும். நமக்குக் காலுதான் வேணும்."

பாட்டுக்கு மேல் பாட்டு ஒட்டிய கல்யாணம். நாலு மடங்கு வேகத்தில் ஓட்டினார்கள். அறிவுச்செல்வன் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பின்னால், பக்கவாட்டில், திரையின் விளிம்பில் பார்த்தான்.

அங்கங்கே தருமன் இருந்தார். தோளில் அரிசி மூட்டையோடு பாதி முதுகு. சமையல்கட்டு வாசலில் அண்டாவைத் தூக்கும் இரண்டு கைகள். வரிசை கெட்டுக் கிடந்த செருப்புகளைக் குனிந்து அடுக்கும் தலைப்பாகை. சம்பந்தி வீட்டில் ஒருவர் எதற்கோ விரலை நீட்டிக் கத்த, கும்பிட்ட கையோடு நிற்கும் அரைமுகம். அந்த அரைமுகத்தின் மேலும் வீடியோக்காரர் ஒரு ரோஜாப்பூவைச் சுற்றவிட்டிருந்தார். தாரை வார்க்கும்போது மட்டும் முழுசாக நான்கு நிமிடம் இருந்தார். ஆனால் உட்கார்ந்திருந்தார்.

"நடக்கவே மாட்டேன்றாரே தம்பி" என்றார் சந்திரகலா.

மூன்றாவது கோப்பில், தாலி கட்டியதற்கு அப்புறம் சம்பந்திக்குச் சீர் கொடுக்கும் காட்சி. மண்டப வாசலில் தட்டோடு தருமன் வந்துகொண்டிருந்தார். தூரத்தில், ஆனால் முழு உடம்பும் தெரிந்தது. இடது கால் வட்டம் போடத் தூக்கியது. அறிவுச்செல்வன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். அப்போது பக்கத்திலிருந்து மெரூன் கலர் முழுக்கைச் சட்டை போட்ட ஒரு பையன் ஓடி வந்தான். தருமனின் முழங்கையைப் பிடித்தான். கேமரா இருக்கும் திசையைக் கண்ணால் காட்டி ஏதோ சொன்னான். தட்டோடு அவரைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

சந்திரகலா நிறுத்தினார். "ச்சே. நல்லா வந்துக்கினு இருந்தாரு. யாரு அந்தப் பையன்?"

மேலே சினிமாப் பாட்டு ஒட்டியிருந்ததால் பையன் சொன்னது கேட்கவில்லை. அறிவுச்செல்வனுக்குக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. பதினோராம் வகுப்பு. பள்ளிக்கூடத்து நண்பர்கள் ஏழு பேர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். *கேமரா வருதில்ல. தள்ளுப்பா. நடக்காத.*

"நான்தான்க்கா."

சந்திரகலா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு மீண்டும் ஓடவிட்டார்.

பதினான்கு வருடத்துப் போன்களெல்லாம் அவன் கண்முன்னால் வந்து நின்றன. முழங்கை, வேட்டி நுனி, வெறும் சுவர். கூச்ச சுபாவமாம். அவன் பட்டம் வாங்கிய அன்றைக்குக் கூட, கறுப்பு அங்கியோடு நண்பன் படம் எடுக்க வந்தபோது, "நீங்க எடுத்துக்குங்கடா" என்று மரத்தடிக்குப் போய்விட்டார். அப்போது அவன் கூப்பிடவும் இல்லை.

மூன்று கோப்புகளும் முடிந்தன. நடை கிடைக்கவில்லை. மீதி இருந்ததெல்லாம் ஓரத்தில், சந்தனப் பொட்டுக்கு அடியில் இருந்த நாலாவதும், அதற்குப் பின்னால் ஒரு சின்னத் துண்டும்தான்.

டிரைவின் வேகத்தை இருப்பதிலேயே கம்மியாக வைத்தார் சந்திரகலா. உள்ளே டிஸ்க் சுற்றும், முனகும், நிற்கும், மறுபடி சுற்றும். அறுபத்திரண்டு சதவீதத்தில் இருபது நிமிடம் அசையாமல் நின்றது. வெளியே எடுத்து, மறுபடி ஷாம்பூத் தண்ணீர், மறுபடி நேர்கோடு. அறுபத்தாறு. எழுபது. எழுபத்தொன்றில் மறுபடி நின்றது. மணி மூன்றானது. அறிவுச்செல்வன் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. பஸ் ஏறியிருந்தால் இந்நேரம் எங்கே இறங்கியிருப்பார் என்று கணக்குப் போடத் தொடங்கி, ஊர்கள் தூரமாகிக்கொண்டே போக, பயந்துபோய் நிறுத்தினான்.

"அக்கா, வருமா?"

"வராத எடத்த வுட்டுட்டுத் தாண்டச் சொல்லி இருக்கேன். கட்டம் கட்டமா ஒடஞ்சு வரும். நீ சாமியக் கும்புடு."

"மலைய சுத்தப் போயிதான் அவர் காணாமப் போனாரு."

"அப்ப என்னையே கும்புடு" என்றார் அவர்.

நாலாவது கோப்பு உடைந்துதான் வந்தது. பந்தி நடந்தது, இலைகளெல்லாம் பச்சைச் சதுரங்களாக வழிந்தன. அருணாதேவி வேனில் ஏறினாள், அவள் முகம் பாதியில் கரைந்தது. சின்னத் துண்டும் அப்படித்தான் ஆரம்பித்தது. வேன் போய்விட்டது. 'நன்றி' என்று பூப்போட்ட எழுத்து வந்தது. பாட்டு நின்றது. அதோடு முடிந்துவிடும் என்று அறிவுச்செல்வன் தலையைக் குனிந்துகொண்டான்.

முடியவில்லை. வீடியோக்காரர் எங்கோ மேஜைமேல் கேமராவை வைத்துவிட்டு அணைக்க மறந்திருக்கிறார். வெட்டுகிறவரும் கடைசித் துண்டைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார். கொஞ்சம் சாய்ந்த காட்சி. காலி மண்டபம். பாட்டும் கிடையாது, ரோஜாப்பூவும் கிடையாது. இடப்பக்கத்திலிருந்து தருமன் நடந்து வந்தார்.

கேமரா இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. இடது கால் அரைவட்டம் போட்டது, தோள் இறங்கி ஏறியது. வாடகை நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கிச் சுவரில் சாய்த்தார். "நாப்பத்தி ரெண்டு... நாப்பத்தி மூணு..." குரல் தெளிவாகக் கேட்டது. ஒரு முறை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு, திரையின் நடுவாக, முழு ஆளாக நடந்தார். மறதி பிடிக்காத தருமன். நாற்பது நொடி.

சந்திரகலா உடனே வேலையில் இறங்கினார். வெட்டினார், சாய்வை நிமிர்த்தினார், காலின் சீப்புப் பற்களை எடுத்தார், கீழே போன் நம்பரைப் போட்டார். எம்.பி.ஃபோராக மாற்றி அனுப்பினார். இந்த முறை வாட்ஸ்அப் ஏற்றுக்கொண்டது. காவலருக்கு, ஆட்டோ ஸ்டாண்டு குழுவுக்கு, பூக்கடைக்காரர்களுக்கு, அந்த ஏழு பள்ளிக்கூட நண்பர்களுக்கும்.

முப்பத்தைந்து நிமிடம் கழித்து ஒரு புது நம்பர்.

"சார், நான் கருப்பன். கீழ்பென்னாத்தூர்ல பந்தல் வேல செய்றேன். இந்த வீடியோவுல சேர் மடக்கறாரே, அவரு இங்க மண்டபத்துல சேர் மடக்கினு இருக்காரு சார்."

கோதண்டராமன் போனைப் பிடுங்கி, "நல்லாப் பாத்தியாப்பா?" என்று கத்தினார்.

"அதே நட சார். காலைலேர்ந்து இருக்காரு. பொண்ணு வூட்டுக்காரங்க மாப்ள வூட்டு ஆளுன்னு நெனச்சாங்க, மாப்ள வூட்டுக்காரங்க பொண்ணு வூட்டு ஆளுன்னு நெனச்சாங்க. எனக்கு எதுக்குப் பொல்லாப்புன்னு நானும் கேக்கல. எல எடுத்தாரு, தண்ணி ஊத்தினாரு. வேல செய்யறவர யாரு சார் நீ யாருன்னு கேக்கறது? சோறு போட்டாங்க, சாப்ட்டாரு."

"வீடியோ கால்ல வாங்க" என்று அறிவுச்செல்வன் கெஞ்சினான். அதற்குள் அவனும் மாமாவும் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மேலிருந்து சந்திரகலா, "டிஸ்க்க நாளைக்கு வந்து வாங்கிக்கோ, போ போ" என்று விரட்டினார்.

பைக் அவலூர்பேட்டைச் சாலையில் ஏறும்போது திரையில் ஒரு மண்டபம் தெரிந்தது. மடக்கிய நாற்காலிகள். ஆடும் கேமரா அவற்றைத் தாண்டிப் போனது. அழுக்கேறிய வேட்டி, வெறும் கால்.

"பெரியவரே, இங்க பாருங்க. ஒங்க புள்ள பேசறாரு."

தருமன் திரும்பினார். கருப்பனின் கையில் தூக்கிய போனைப் பார்த்தார். பார்த்ததும் கையிலிருந்த நாற்காலியைச் சட்டென்று கீழே வைத்தார். மகன் பெயர், மகள் பெயர், கிழமை எல்லாம் போன பிறகும் மீதி இருந்த ஒன்று அவர் முகத்தில் வந்தது. "கேமரா வருது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, காலை வீசி வீசி, அவசரமாகத் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார். திரையில் ஒரு தோள் மட்டும் மிஞ்சியது.

"அப்பா!" பைக்கின் பின்னால் உட்கார்ந்தபடி, எதிர்க்காற்றில், அறிவுச்செல்வன் தொண்டை கிழியக் கத்தினான். "தள்ளாதப்பா! நடுவுல வாப்பா. நடந்து வாப்பா."

தோள் அசையவில்லை.

"அண்ணே, அவரவுட்டு எங்கயும் போவாதீங்க. போன எறக்காதீங்கண்ணே. அவரு நேராவே புடிங்க."

"புடிச்சிக்கினுதான் சார் இருக்கேன்" என்றான் கருப்பன்.

தூணுக்கு அந்தப் பக்கம், தோள் கொஞ்சம் இறங்கி, ஏறியது.